நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

முதல் பார்சலில் ஆறு பித்தளைத் துண்டுகள்.
சேடில் என்றான் இல்மோ,
கம்பி வந்து குந்துகிற இடமாம்.
ஆறும் என் ஒரு கைக்குள் அடங்கின.
தொண்ணூறு யூரோ.
"இனிமேல் பார், மணி மாதிரி கேட்கும்."

கெமியில் அன்று மைனஸ் இருபத்தாறு.
பதினோரு மணிக்கு விடிவதுபோல் பாவனை காட்டி
இரண்டுக்குள் மனதை மாற்றிக்கொள்ளும் வானம்.
மர ஆலையிலிருந்து வந்தவன்
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
என் சூப் கிண்ணத்தை ஓரமாய்த் தள்ளி
கிதாரை மல்லாக்கக் கிடத்தினான்.
மாட்டினான். மீட்டினான்.
"கேட்டியா?"
கேட்டேன்.
முந்தாநாள் கேட்டதையேதான் கேட்டேன்.
பித்தளை பளபளத்தது, அது நிஜம்.

அப்புறம் எலும்பில் ஒரு நட்.
எந்த மாடோ, செத்தபின்
சங்கீதத்தில் வேலை கிடைத்திருக்கிறது அதற்கு.
அப்புறம் பூட்டு வைத்த பிரடைகள்.
இதை ஒப்புக்கொள்கிறேன், சுருதி நகராமல் நின்றது.
"சுருதி வேறு, நாதம் வேறு" என்று
அவனே அதைத் தள்ளுபடி செய்தான்.
அப்புறம் ஸ்பிரிங்குகளைப் பிடித்து நிற்க
ஓர் எஃகுக் கட்டி.
அப்புறம், கடன் அட்டையில், பிக்கப் மூன்று.

கழற்றியதெல்லாம் மீன் டப்பாவில் சேர்ந்தது.
"இதைக் குலுக்கு, இதுவும் ஒரு கிதார்தான்"
என்பான் ராய்மோ. டிரம்காரன், ஈவிரக்கமில்லாதவன்.

அவன்தான் பந்தயம் கட்டினான்.
அதே வருஷம், அதே கம்பெனி,
ஒரு திருகுகூட மாற்றாத கிதாரை
மைத்துனனோடு சேர்த்தே கூட்டிவந்தான்.
சௌனா கதவுக்குப் பின்னால் மைத்துனன்.
இரண்டிலும் அன்றைக்கு மாட்டிய புதுக் கம்பி.
மாற்றி மாற்றி இருபது தடவை.
இந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு இல்மோ,
பழசு, புதுசு, புதுசு, இல்லை பழசு.

இருபதுக்குப் பதினொன்று.
காசைச் சுண்டினாலும் அவ்வளவு வரும்.
ராய்மோ சிரித்த சிரிப்பில்
நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போனது.

நானும் குறித்திருந்தேன்,
மின்கட்டண உறையின் பின்புறம், யாரும் கேட்காமலே.
பதினேழு சரி.

உறையை மடித்து ஏப்ரன் பையில் போட்டேன்.

வித்தியாசம் இருந்தது என்பதுதான் விஷயம்.
பித்தளையோ, எலும்போ, அந்த மூன்று பிக்கப்போ, யார் கண்டது,
புதுசு பேசும்போது ச-வும் ஷ-வும்
துல்லியமாகப் பிரிந்தமாதிரி ஒரு கூர்மை.

ஆஸ்பத்திரியில் என் வேலை
காதுகளுக்குப் பீப் ஒலி கொடுப்பது.
ஆலைக்காரர்களின் வரைபடங்கள்
இலையுதிர் காலத்தில் கட்டாக வரும்.
மேலே சமவெளியாய் ஓடி
நாலாயிரம் ஹெர்ட்ஸில் தொபுக்கென்று ஒரு பள்ளம்.
ரம்பம் தோண்டியது.
பெயரைப் பார்க்காமலே ஆலையைச் சொல்லிவிடலாம்.
அந்த வருஷம் ஒரு பெயரைப் பார்த்தேன்.
"எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று
படிக்காமல் கையெழுத்துப் போட்டான்.

இப்போது அந்தப் பள்ளத்தில்
பித்தளை போட்டுப் பார்க்கிறான்,
எஃகு போட்டுப் பார்க்கிறான்.
விழுந்த சத்தமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை பாரில்
டிரெபிள் குமிழைப் பத்துக்குத் திருகினான்.
முன்வரிசைப் பெண் ஒருத்தி
குடிப்பதுபோல் கோப்பையைத் தூக்கிக் காதில் வைத்தாள்.
நான் கைதட்டினேன்.

நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
சமையலறையில் விளக்கில்லை, ஆம்ப் இல்லை.
கிதாரின் கொம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு
ஒரே கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தான்.
என்னைப் பார்த்ததும், வாயில் மரத்தோடு,
"வந்திருச்சு. எலும்பு வழியா வருது. இங்கே வா."

எலும்பு வழியே போனாலும்
போய்ச் சேர்வது அதே நரம்புதான்.
பதினாறு வருஷமாய் இதைச் சொல்லித்தான்
எனக்குச் சம்பளம்.

மறு கொம்பைக் கடித்தேன்.
வார்னிஷ் கசந்தது.
தட்டினான்.